கோட்டு போட்டவன் ஏன் முழுகினான்?

விசிலுக்குக் கோபம் வரக் காரணமே வேண்டாம் என்று படகுத்துறையில் ஒரு பேச்சு உண்டு. சுத்தப் பொய். காரணம் இல்லாமல் அவள் ஒருநாளும் கோபப்பட்டதில்லை. காரணங்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கிக்கொண்டே இருந்தால் அவள்தான் என்ன செய்வாள்?

மலைப்பாதையின் கடைசி வளைவைத் தாண்டியதும் ஏரி தெரியும். சுற்றிலும் மலை, நடுவில் தண்ணீர், காலை வேளையில் பாதிக்கு மேல் மூடுபனி. வளைவுகளில் குடலைப் புரட்டி எடுத்துக்கொண்டு வந்தவர்கள்கூட அதைப் பார்த்ததும் வாயைப் பிளந்து நிற்பார்கள். கொஞ்ச நேரத்தில் செல்போன் வெளியே வரும். இன்னும் கொஞ்ச நேரத்தில் தின்று முடித்த சிப்ஸ் பாக்கெட் தண்ணீரில் விழும். அது விழுந்த அடுத்த நொடி விசில் கேட்கும்.

"யாருப்பா அது பாக்கெட்டைப் போட்டது? எடு! ஏரி என்ன உங்க வீட்டுக் குப்பைத்தொட்டியா? கையில அழுக்குப் படுமா? படட்டும். எடுன்னா எடு!"

பஸ் நிலையத்தை ஒட்டிய விளையாட்டுச் சாமான் கடையில் அவளே வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்ட விசில் அது. நாளடைவில் அதுவே அவள் பெயராகிவிட்டது. சொந்தப் பெயர் என்னவென்று கேட்டால் அவள் புருஷனே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வான்.

படகுத்துறைக்கு வருவதற்கு முன் மேட்டிலிருந்த ஒரு லாட்ஜில் அறை பெருக்கிக்கொண்டிருந்தாள். வந்து தங்கிய ஒரு பெரிய மனிதர் சேறு படிந்த ஷூவைக் கட்டில் விரிப்பில் துடைத்தார். இவள் அந்த விரிப்பை உருவி, அவருடைய பெட்டிக்குள் இருந்த வெள்ளைச் சட்டைகளின் மேல் நன்றாக உதறிவிட்டாள். வேலை போயிற்று. ஏரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த முதலாளி பாவப்பட்டு டிக்கெட் ஜன்னலில் உட்காரவைத்தார். வரிசையில் குறுக்கே புகுந்தவர்களுக்கெல்லாம் டிக்கெட் இல்லை என்று சொல்லிவிட்டாள். கடைசியில் முதலாளி தலையில் அடித்துக்கொண்டு, "உன் தொண்டைக்கு ஏத்த வேலை ஒண்ணுதாம்மா இருக்கு" என்று படித்துறையில் கொண்டுபோய் நிறுத்தினார்.

படகில் ஏறுகிறவர்களுக்கெல்லாம் லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடுவது அந்த வேலை. துறைக்காரர்கள் வாயில் அது வெறும் கோட்டு. அவளுக்கு நீச்சல் தெரியாது. தண்ணீர் என்றால் உள்ளூரப் பயம். அதனாலேயே கோட்டு விஷயத்தில் அவள் எவருக்கும் இரக்கம் காட்டியதில்லை. "ஆன்ட்டி, போட்டோல நல்லா இருக்காது" என்று எந்தப் பெண்ணாவது கொஞ்சினால், "முழுகிப்போனா அதைவிட நல்லா இருக்காது, கையை விடு" என்று வாரை இழுத்துக் கட்டுவாள். ஊருக்குத் திரும்பிப் போனவர்கள் இணையத்தில் எழுதினார்கள்: இடம் அருமை, படியில் நிற்கும் அம்மாதான் தாங்க முடியவில்லை. முதலாளி அதையெல்லாம் அவளுக்குப் படித்துக் காட்டுவார். "தாங்கிக்கிட்டு உசுரோடதானே வீடு போய்ச் சேர்ந்தாங்க, எழுதிட்டுப் போகட்டும்" என்பாள்.

அவள் புருஷனும் அதே துறையில்தான் துடுப்புப் படகு ஓட்டினான். ஒல்லியான ஆள், வாய் ஓயாமல் ஜோக் அடிப்பான். பனியில் ஊறிய பலகையில் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பெலும்பில் தீராத வலி. அதற்காக ஒரு கோட்டை மடித்து அடியில் போட்டுக்கொள்வான். மற்ற படகுக்காரர்களும் அப்படித்தான் என்றாலும் இவன் கோட்டில்லாமல் படகில் காலே வைக்க மாட்டான். மெத்தை என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். விசில் பலமுறை கத்திப் பார்த்தாள். உட்கார உட்கார உள்ளே இருக்கும் நுரை நசுங்கித் தகடாகிவிடும், தகடு மிதக்காது என்றாள். "மனுஷன் எலும்பு நசுங்குறது உனக்குத் தெரியல, கோட்டு நசுங்குறதுதான் தெரியுது" என்று அவன் சிரித்தான். சாயங்காலம் எல்லாக் கோட்டும் ஒரே கம்பியில் போய்த் தொங்கும். ஆரஞ்சு நிறத்தில் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும்.

போன சீசனில் நடந்ததுதான் அத்தனைக்கும் ஆரம்பம். கல்யாணம் ஆன கையோடு வந்த ஒரு புது மாப்பிள்ளை, மெத்தையின் படகில் எழுந்து நின்று, இரண்டு கையையும் விரித்து, மனைவியைப் போட்டோ எடுக்கச் சொன்னான். படகு ஆடியது. ஆள் தலைகுப்புற விழுந்தான். கோட்டு போட்டிருந்தான், இழுத்தும் கட்டியிருந்தான். இருந்தும் கல்லைப் போட்ட மாதிரி உள்ளே போனான். மெத்தை யோசிக்கவே இல்லை. குதித்தான். தலைமுடியைப் பிடித்து மேலே இழுத்துக் கரைசேர்த்தான்.

அன்றோடு மெத்தை, ஹீரோ ஆகிவிட்டான். முதலாளி அவனைப் போட்டோ எடுத்துச் சட்டம் போட்டு, டிக்கெட் அறையில் எல்லார் கண்ணிலும் படும்படி மாட்டினார். வந்தவர்கள் அவனோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அவன் சட்டைப்பையில் சீப்பு வைத்துக்கொள்ள ஆரம்பித்தான். வீட்டில், "ஹீரோவுக்கு ஒரு டீ" என்று கேட்கும் அளவுக்குப் போயிற்று.

எல்லாரும் கைதட்டிக்கொண்டிருந்த அந்தச் சாயங்காலமே விசில் ஒரு கேள்வி கேட்டாள்.

"அது சரி, கோட்டு போட்டவன் ஏன் முழுகினான்?"

கைதட்டல் நின்றது. முதலாளியின் முகம் சுருங்கியது. "நல்ல விஷயம் நடக்கிற இடத்துல ஏம்மா இப்படி வாயை வைக்கிறே?" என்றார். "ஆளு கனம் ஜாஸ்தி அண்ணி" என்றான் இளம் படகுக்காரன் ஒருவன். புருஷன் மட்டும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "பொழைச்சுட்டான்ல, விடும்மா" என்றான்.

அவள் விடவில்லை. அதற்காக வெளியே கத்தவும் இல்லை. மழைக்காலம் முழுக்க அந்தக் கேள்வி தொண்டையில் முள்ளாய்க் குத்திக்கொண்டே இருந்தது. சாதாரணமாகப் புருஷனை நீங்க, வாங்க என்றுதான் பேசுவாள். கோபம் தலைக்கேறினால்தான் "யோவ்" வரும். அந்த மழைக்காலத்தில் காரணம் சொல்லாமலே நாளைக்கு நாலு யோவ் வந்தது.

இந்த ஆண்டு சீசன் தொடங்கப்போகிற சமயம், துறையில் வேறு யாரும் வருவதற்கு முன் ஒரு காலையில் படித்துறைக்குப் போனாள். பழைய பெயின்ட் டப்பா ஒன்றில் மணலை அடைத்து, கயிறு கட்டி, கோட்டு ஒவ்வொன்றிலும் மாட்டித் தண்ணீரில் இறக்கினாள். மிதந்தவற்றைக் கம்பியில் மாட்டினாள். ஆனால் ஒன்று இறங்கியது. அடுத்ததும் இறங்கியது. ஆரஞ்சு நிறம் பச்சைத் தண்ணீருக்குள் கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக் காணாமல் போவதைப் படியில் குந்தியபடி பார்த்தாள். போன வருடம் கரையில் கிடந்து வாந்தி எடுத்த அந்த மாப்பிள்ளையின் நீலம் பாரித்த உதடு நினைவுக்கு வந்தது. அப்போது வந்தது பாருங்கள் கோபம், அதுவரை அவள் பட்டதெல்லாம் கோபமே இல்லை.

வீட்டுக்குப் போய்த் துணி வெட்டும் கத்தரிக்கோலை எடுத்து வந்தாள். முழுகிய கோட்டுகளின் வார்களை ஒன்று விடாமல் வெட்டினாள். புருஷன் முந்தின நாள் படகிலேயே மறந்து விட்டுப்போன கோட்டையும் எடுத்து இறக்கிப் பார்த்தாள். மற்ற எல்லாவற்றையும்விட வேகமாக முழுகியது அதுதான். அதற்கு இரண்டு வெட்டு கூடவே விழுந்தது.

படகுக்காரர்கள் வந்து பார்த்தபோது கம்பியில் பாதிக்கும் குறைவாகத்தான் தொங்கின. கோட்டு இல்லையென்றால் ஆள் ஏற்ற முடியாது. ஆள் ஏறாவிட்டால் படகு நகராது.

"சீசன் நேரத்துல எங்க சோத்துல மண்ணைப் போட்டுட்டீங்களே அண்ணி!"

"உங்க சோத்துக்கு இன்னொருத்தன் மண்ணுக்குள்ள போகணுமா? உக்காந்து உக்காந்து நசுக்கினது யாரு, நானா? போய்க் கண்ணாடில கேளு!"

முதலாளி வந்தார். வெட்டிக் கிடந்த குவியலைப் பார்த்தார். அவர் கத்துகிற ரகம் இல்லை. தாழ்ந்த குரலில் பேசித்தான் ஆளைச் சாகடிப்பார்.

"புதுக் கோட்டு வாங்கிறது அடுத்த வருஷம் பாத்துக்கலாம். நாளைக்கு என் வீட்டு ஆளுங்கல்லாம் வர்றாங்க, புதுப் படகு விடுறோம். காலைல எல்லாக் கோட்டும் கம்பில தொங்கணும். வீட்டுல தையல் மெஷின் வெச்சிருக்கேல்ல? தைச்சுடு. தொங்கலேன்னா உனக்கும் வேலை இல்ல, உன் வீட்டுக்காரனுக்கும் படகு இல்ல."

"முழுகிற கோட்டைத் தைச்சு மாட்டச் சொல்றீங்களா?"

"எல்லாம் நல்ல கோட்டுதாம்மா. தண்ணில கல்லைக் கட்டிப் போட்டா எதுதான் முழுகாது?"

"என் கையால தைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பாராமல் நடந்தாள்.

அவள் தைக்கவில்லை, உண்மைதான். சாயங்காலம் கடைக்குப் போய்விட்டு வந்தபோது தெருமுனையிலேயே மெஷின் சத்தம் கேட்டது. முன்னறையில் ஆரஞ்சுக் குவியலுக்கு நடுவே புருஷன் உட்கார்ந்து, நாக்கைத் துருத்திக்கொண்டு, மிதித்துக்கொண்டிருந்தான். கையில் கிடைத்த நூல் சிவப்பு. தையல் கோணல்மாணலாகப் போயிருந்தது.

"யோவ்!"

கால் நின்றது. "கோவப்படாதே. துடுப்பை விட்டா எனக்கு வேற என்ன தெரியும்? இந்த இடுப்பை வெச்சுக்கிட்டு மூட்டை தூக்கப் போவேனா?"

"அதுக்கு? அடுத்தவன் வீட்டுப் புள்ளைய ஏரிக்குள்ள அனுப்புவியா?"

"நான் இருக்கேன்ல? எவன் விழுந்தாலும் குதிச்சுத் தூக்குறேன். போன வருஷம் தூக்கலையா?"

"ஒரே நேரத்துல ரெண்டு பேரு விழுந்தா யாரைத் தூக்குவே? சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பாப்பியா? போட்டோ புடிச்சு மாட்டினதும் மண்டை வீங்கிப்போச்சுய்யா உனக்கு!"

அவன் குனிந்து மறுபடியும் மிதிக்கத் தொடங்கினான். வாங்கி வந்த சாமான் பையை அவள் தரையில் போட்ட வேகத்தில் அது கிழிந்தது. அப்புறம் அந்த வீட்டில் மெஷின் மட்டும்தான் பேசியது.

காலையில் வேலைக்குப் போகாமல் இருந்திருக்கலாம். போனாள். தான் அங்கே நிற்காவிட்டால் நல்ல கோட்டு எது, கெட்டது எது என்று பார்த்துக் கொடுக்க அந்தத் துறையில் ஒரு நாதி கிடையாது என்பது அவளுக்குத் தெரியும். இன்று வாயைத் திறந்தால் புருஷனுடைய படகு போய்விடும் என்பதும் தெரியும். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள். நல்ல கோட்டுகளை முதலில் குழந்தைகளுக்குக் கொடுப்பது, அவை தீர்ந்ததும் ஏதாவது சாக்குச் சொல்லி வரிசையை நிறுத்துவது.

வெயில் சுள்ளென்று அடித்தது, கூட்டம் மொய்த்தது. புதுப் படகுக்கு ரிப்பன் கட்டியிருந்தார்கள். அவசரப்பட்ட பெரியவர்கள் சிலர் கம்பியிலிருந்து தாங்களே கோட்டை உருவி மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். "சிரிச்ச முகமா குடும்மா" என்று போகிற போக்கில் முதலாளி சொல்லிவிட்டுப் போனார். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த ஒரு குழந்தை அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டது.

குழந்தைகளுக்கென்று அவள் ஒதுக்கி வைத்திருந்த நல்ல கோட்டுகளில் கடைசி ஒன்றுதான் மிச்சம். அதை எடுக்கக் கை நீட்டினாள். எதிரே ஒரு தாய், இடுப்பளவு உயரத்தில் ஒரு சிறுமியோடு நின்றிருந்தாள். அப்போது முதலாளி தன் பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"இந்தாம்மா, சிவப்பு நூல் போட்டது வேண்டாம். வெட்டாதது ஒண்ணு இருக்கு பாரு, பேரனுக்கு அதைக் குடு."

ஒரு கணம் அவளுக்குக் காது அடைத்துப்போயிற்று.

"என்ன சொன்னீங்க?"

"மெதுவா..."

"என்ன சொன்னீங்க முதலாளி? இதோ நிக்கிறாங்கல்ல, இத்தனை பேருக்கும் கேக்கிற மாதிரி சொல்லுங்க!"

விசில் வாய்க்குப் போனது. நீளமாக ஊதினாள். மூச்சு தீரும்வரை ஊதினாள். அந்தத் துறையில் நீள விசில் என்றால் யாரோ தண்ணீரில் விழுந்துவிட்டார்கள் என்று அர்த்தம். ஏரி முழுக்கத் துடுப்புகள் அப்படியே நின்றன. எல்லாத் தலையும் படித்துறையைப் பார்த்துத் திரும்பியது.

"சிவப்பு நூலு வேண்டாமாம்! அவரு பேரனுக்கு வேண்டாமாம்! உங்க புள்ளைங்களுக்கு அது போதுமாம்! எல்லாரும் உங்க கோட்டைப் பாருங்க. சிவப்பு நூலு தெரியுதா? அது முழுகிற கோட்டு. நேத்து இந்தக் கையால தண்ணில இறக்கிப் பாத்து வாரை வெட்டிப் போட்டேன். என் வீட்டு மெஷின்லயே, என் புருஷன் கையாலயே தைச்சுக் கொண்டுவந்து தொங்கவிட்டிருக்காங்க!"

வரிசையில் நின்றவர்கள் குனிந்து தங்கள் நெஞ்சைப் பார்த்தார்கள். செல்போன்கள் ஒவ்வொன்றாக மேலே எழுந்தன. முதலாளிக்கு வேர்த்துவிட்டது. இருந்தாலும் சிரித்துச் சமாளித்தார்.

"அந்தம்மா கொஞ்சம் அப்படித்தான், நீங்க பயப்படாதீங்க. இங்க ஒரு ஹீரோவே இருக்காரு. யோவ் ஹீரோ, எழுந்திரு. நீ சொல்லு, கோட்டெல்லாம் நல்லாத்தானே இருக்கு?"

படியோரம் கட்டியிருந்த படகில் அவன் எழுந்து நின்றான். அடியில் போட்டிருந்த சிவப்பு நூல் கோட்டு எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. நடுவில் அவன் உட்கார்ந்த இடம் பள்ளமாக இருந்தது. அவன் முதலாளியைப் பார்த்தான். பெண்டாட்டியைப் பார்த்தான். அந்தச் சிறுமி தன் அம்மாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல முதலாளி" என்றான். குரல் எழும்பவில்லை. செருமிக்கொண்டு மறுபடியும் சொன்னான். "நல்லா இல்ல. போன வருஷம் அந்தத் தம்பி போட்டிருந்தது, எனக்கு அடியில கெடந்த கோட்டு. கூட்டம் ஜாஸ்தி, கம்பில கோட்டு தீந்துபோச்சு. இவ அந்தப் பக்கம் வேற படகைப் பாத்துக்கிட்டு இருந்தா. நான்தான் உருவிக் குடுத்தேன். அதனாலதான் முழுகினான்."

வரிசை கலைந்தது. கோட்டுகளைக் கழற்றிப் படியில் போட்டுவிட்டு ஆட்கள் மேலே ஏறினார்கள். முதலாளியின் பேரன் படகு வேண்டும் என்று புரண்டு அழுதான். அவனைத் தூக்கிக்கொண்டு அவர் காரை நோக்கி நடந்தபோது யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

புருஷன் உண்மையைச் சொல்லிவிட்டான், இனி அவள் கோபம் ஆறிவிடும் என்றுதானே நினைப்போம்? ஆறவில்லை. அதுவரை அவளுக்கு முதலாளி மேல்தான் பெருங்கோபம். இப்போது அது வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. அவள் கேள்வி கேட்ட அன்றே இவனுக்குப் பதில் தெரிந்திருக்கிறது. தெரிந்தே சீப்பு வைத்திருந்தான். தெரிந்தே டீ கேட்டான்.

கூட்டம் எடுத்த வீடியோ போன் போனாகச் சுற்றியதால் முதலாளியால் இருவரையும் வேலையை விட்டு எடுக்க முடியவில்லை. புதுக் கோட்டு வந்து சேரும்வரை துறையைப் பூட்டினார். படகுக்காரர்கள் விசிலைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். புருஷன் தானே போய் டிக்கெட் அறையிலிருந்த போட்டோவைக் கழற்றிக் கொண்டுவந்தான். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் பீரோவுக்குப் பின்னால் செருகினான். அவள் அதைப் பார்த்தாள். சாப்பாட்டுத் தட்டை ணங்கென்று வைத்தாள். அவன் ஏதாவது பேச வந்தால் எழுந்து மெஷினில் போய் உட்கார்ந்துகொள்வாள். வெட்டிப்போட்ட கோட்டுகளைப் பிரித்து எதையோ தைத்துக்கொண்டே இருந்தாள். என்ன என்று கேட்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

புதுக் கோட்டுகள் லாரியில் வந்து இறங்கின. மடிப்புக் கலையாமல், பளபளவென்று இருந்தன. மறுநாள் துறை திறந்தது. விசில் படியில் நின்றாள். வரிசை நின்றது. புருஷன் படகில் ஏறினான். இத்தனை வருடப் பழக்கம், கை தானாகப் போய்ப் புதுக் கோட்டு ஒன்றை எடுத்தது, மடித்தது, பலகையில் போட்டது.

விசில் அவன் காதுக்குப் பக்கத்தில் அலறியது. துள்ளி எழுந்தவன் நெஞ்சில் கனமாக ஏதோ வந்து விழுந்தது. சதுரமான மெத்தை. நசுங்கிய நுரையை அடுக்கடுக்காக வைத்து, ஆரஞ்சுத் துணி போர்த்தி, சிவப்பு நூலால் தைத்தது. இந்தத் தையல் நேராக இருந்தது.

"இதுல உக்காரு. இன்னொரு தடவை கோட்டு மேல உன் உடம்பு பட்டுது, படகோட சேத்து உன்னையும் கொளுத்திடுவேன்!"

மற்ற படகுகளிலிருந்து, ரொம்ப நாளைக்கு அப்புறம், யாரோ சிரித்தார்கள். "மெத்தைக்கு மெத்தை வந்துடுச்சுடோய்!"

அவனும் சிரிக்கப் பார்த்தான். "இன்னும் கோவம் போகலையா?"

"போகாது." படகின் கயிற்றை அவள் விடவில்லை. சத்தம் போடாமல் பேசினாள். அவள் சத்தம் போடாமல் பேசி அவன் அதிகம் கேட்டதில்லை. "நீ குதிக்கிறதுக்குக் கொஞ்சம் நேரமாகியிருந்தா, போட்டோ நம்ம டிக்கெட் ரூம்ல தொங்கியிருக்காதுய்யா. அந்தப் புது மாப்பிள்ளை வீட்டுல மாலையோட தொங்கியிருக்கும்."

அவன் சிரிப்பு அப்படியே நின்றது. பலகையில் கிடந்த புதுக் கோட்டை எடுத்து, தட்டி, இத்தனை வருடத்தில் முதல் தடவையாகத் தன் உடம்பில் மாட்டிக்கொண்டான். வார் எந்தக் கொக்கியில் போகும் என்று தெரியாமல் தடுமாறினான்.

விசில் இறங்கி வந்து அவன் கையைத் தட்டிவிட்டாள். வாரைப் பிடித்து, அவனுக்கு மூச்சு முட்டுகிற அளவுக்கு இழுத்துக் கட்டினாள்.

"அடுத்தது யாரு? வாங்க, நேரா நில்லுங்க. கையைத் தூக்குங்க!"